‘ஓ ஹாப்பி டே’ வெற்றி பெற்றது இயேசுவின் பெயரை அடக்கி வாசித்ததாலா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாக ஒரு வரலாற்றுக் கேள்வி: எட்வின் ஹாக்கின்ஸ் குழுவினரின் ‘ஓ ஹாப்பி டே’ என்ற தேவாலயப் பாடல் 1969-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் பாப் பட்டியல்களின் முன்னிடங்களுக்கு எப்படிச் சென்றது என்பது. ஆனால் சபையில் கீபோர்டு வாசித்துக்கொண்டு சொந்தமாகப் பாடல்கள் எழுதுகிற நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறொன்று என்பது உங்கள் கடைசி வரியிலிருந்து தெரிகிறது. பொதுமக்களிடம் போய்ச் சேர வேண்டுமானால் வரிகளில் மதத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று நண்பர்கள் சொல்வதாகவும், அதற்குச் சான்றாக இந்தப் பாடலையே அவர்கள் காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளாகத் தேவாலயப் பாடகர் குழுக்களைப் பயிற்றுவித்து வருகிறேன். இந்தப் பாடலை மட்டும் ஐந்தாறு குழுக்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்தும் படிப்பிலிருந்தும் சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் சொல்லும் வழக்கம் காஸ்பல் இசை, அதாவது கருப்பின அமெரிக்கச் சபைகளின் நற்செய்திப் பாடல் இசை, வரலாற்றில் உண்மையிலேயே உண்டு. அதற்கு அவர்கள் காட்டும் சான்றுதான் தவறானது.

முதலில் வரிகளைப் பார்ப்போம். இதன் மூலப் பாமாலையை எழுதியவர் இங்கிலாந்தின் நார்தாம்டன் நகரில் போதகராக இருந்த ஃபிலிப் டாட்ரிட்ஜ். அவர் 1751-இல் இறந்தார். பாமாலை 1755-இல் அச்சேறியது. மீட்பரைத் தேர்ந்துகொள்ளத் தன் மனம் உறுதிப்பட்ட நாளை நினைத்து ஒரு விசுவாசி மகிழ்வதாக அமைந்த சரணங்கள் அதில் உண்டு. இணையத்தில் பலரும் ‘டாட்ரிட்ஜின் பாமாலைக்கு ஹாக்கின்ஸ் புது மெட்டமைத்தார்’ என்று எழுதுகிறார்கள். பாமாலைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்டால் இதில் ஒரு திருத்தம் தேவை என்பது விளங்கும். டாட்ரிட்ஜின் சரணங்களில் ஒன்றுகூட ஒலிப்பதிவில் இல்லை. அதில் இருப்பது முழுவதும் பல்லவி. அந்தப் பல்லவியோ டாட்ரிட்ஜ் எழுதியதன்று. அவர் இறந்து ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின், எழுப்புதல் கூட்டங்களில் எல்லோரும் சேர்ந்து பாடுவதற்காகப் பாமாலையோடு ஒட்டப்பட்டது. எழுதியவர் பெயர் நிலைக்கவில்லை. மெட்டை எட்வர்டு ரிம்பால்ட் என்ற ஆங்கிலேயரின் பெயரில் அச்சிடுவது வழக்கம்.

அந்தப் பல்லவியில் என்ன இருக்கிறது? இயேசு என் பாவங்களைக் கழுவிய மகிழ்ச்சியான நாள். விழித்திருக்கவும் ஜெபிக்கவும் நாள்தோறும் களிகூர்ந்து வாழவும் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இவ்வளவுதான். ஒலிப்பதிவில் விழித்திருப்பதோடும் ஜெபிப்பதோடும் போராடுவதும் சேர்ந்துகொள்கிறது. ஏறக்குறைய ஐந்து நிமிடப் பாடலில் இயேசுவின் பெயரும் பாவம் கழுவப்படும் செய்தியும் திரும்பத் திரும்ப வருகின்றன. நீர்த்துப்போகச் செய்ய நினைத்த ஒருவர் முதலில் வெட்டியிருக்க வேண்டிய சொற்கள் இவையே. ஹாக்கின்ஸ் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டினார். அறிவுக்குரிய விளக்கங்களை எல்லாம் விட்டுவிட்டு அனுபவத்தைச் சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் நிறுத்திக்கொண்டார். ஒரு பாடலாசிரியராக நீங்கள் இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சுருக்கத்தை.

உங்கள் நண்பர்கள் சொல்வது யாருக்குப் பொருந்தும் என்றால், அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் போன்றவர்களுக்கு. சதர்ன் டோன்ஸ் குழுவின் ஒரு காஸ்பல் பாடலின் நடையை எடுத்துக்கொண்டு, இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்து, 1954-இல் அவர் ‘ஐ காட் எ உமன்’ என்ற பாடலைப் பதிவு செய்தார். ஸோல் ஸ்டிரரர்ஸ் என்ற புகழ்பெற்ற காஸ்பல் குழுவில் பாடிக்கொண்டிருந்த சாம் குக், தாம் அங்கே பாடிய ‘வொண்டர்ஃபுல்’ என்ற பாடலையே ‘லவபிள்’ என்ற காதல் பாடலாக மாற்றி, சபை மக்கள் வருந்துவார்களே என்று டேல் குக் என்ற மாற்றுப் பெயரில் வெளியிட்டார். அந்தக் குரலைக் கேட்ட யாரும் ஏமாறவில்லை என்பது வேறு செய்தி. சபை இசையின் உணர்ச்சியை அப்படியே வைத்துக்கொண்டு பாடப்படுபவரை மட்டும் மாற்றும் இந்த வழியில்தான் ஸோல் இசை பெருமளவு உருவாயிற்று. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் மகத்தான பாடல்கள் பிறந்திருக்கின்றன. ஹாக்கின்ஸின் பாடல் அந்த வழியில் போகவில்லை என்பதே இங்கு நான் சொல்ல வந்தது.

சரி, அது எந்த வழியில் போயிற்று? கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் 1943-இல் பிறந்த எட்வின் ஹாக்கின்ஸ், சிறு வயதிலேயே தம் குடும்பக் காஸ்பல் குழுவுக்குப் பியானோ வாசிக்கத் தொடங்கியவர். அவர் சார்ந்திருந்தது ‘சர்ச் ஆஃப் காட் இன் கிரைஸ்ட்’ என்ற பெந்தெகொஸ்தே சபைப் பிரிவு. இந்தச் செய்தி முக்கியமானது. ஆர்கனையும் பாமாலையையும் மட்டுமே பெருமைக்குரிய வழிபாட்டு இசையாகக் கருதிய சபைகள் கருப்பின அமெரிக்கரிடையே பல இருந்த காலத்தில், தம்புருவும் கைத்தாளமும் கொண்டு துதிக்கச் சொல்லும் 150-ஆம் சங்கீதத்தை எழுத்துப்படியே எடுத்துக்கொண்ட சபைப் பிரிவு இது. 1945-இல் ‘ஸ்டிரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’ என்ற காஸ்பல் பாடலைக் கருப்பின இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஏற்றிய கிடார் கலைஞர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் வளர்ந்ததும் இதே பிரிவில்தான். ஆகவே டிரம்ஸும் பேஸும் ஹாக்கின்ஸ் பாப் உலகத்திலிருந்து கடன் வாங்கிவந்தவை என்று எண்ணிவிட வேண்டாம். அவை அவர் வீட்டுப் பண்டம்.

1967-இல் அவரும் பெட்டி வாட்சன் என்பவரும் சேர்ந்து அந்தச் சபைப் பிரிவின் இளைஞர்களைக் கொண்டு வடக்கு கலிஃபோர்னிய மாநில இளைஞர் பாடகர் குழுவை அமைத்தார்கள். ஏறக்குறைய ஐம்பது பேர். சபைப் பிரிவின் இளைஞர் மாநாட்டுக்குப் போகப் பணம் வேண்டியிருந்தது. அதற்காக பெர்க்லியிலுள்ள எஃபேசியன் சபைக் கட்டடத்திலேயே, இரண்டு தடங்கள் மட்டுமே கொண்ட எளிய ஒலிப்பதிவுக் கருவியில், எட்டுப் பாடல்களைப் பதிவு செய்து ஒரு இசைத்தட்டு போட்டார்கள். தொடக்கத்தில் அச்சிட்டது 500 தட்டுகள். தெரிந்தவர்களுக்கும் சபை மக்களுக்கும் விற்பதற்கு. நம் சபைகளில் கட்டட நிதிக்காகக் குறுந்தகடு வெளியிடுவார்களே, அதைப் போன்ற முயற்சி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பதிவு நடந்த ஆண்டை 1967 என்று சிலரும் 1968 என்று சிலரும் எழுதுகிறார்கள். இந்தக் குழப்பத்தால் கதையின் சாரம் மாறுவதில்லை.

அடுத்து நடந்ததில் இசைக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணம் நுழைகிறது. உங்கள் நண்பர்கள் கணக்கில் எடுக்கத் தவறியது இதைத்தான் என்று நினைக்கிறேன். அன்றைய அமெரிக்க ஏஎம் வானொலி நிலையங்கள் மூன்று நிமிட அளவிலான, பட்டியலில் ஏற்கெனவே ஏறிய பாடல்களையே சுழற்றிச் சுழற்றி ஒலிபரப்பின. அந்த முறையில் ஒரு சபை இளைஞர் குழுவின் ஐந்து நிமிடப் பாடலுக்கு இடமே இருந்திருக்காது. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் 1967-இல் டாம் டோனஹூ என்ற ஒலிபரப்பாளர், அதுவரை பெரிதாக மதிக்கப்படாத பண்பலை அலைவரிசையில், அறிவிப்பாளர் தமக்குப் பிடித்த இசைத்தட்டை, பிடித்த நீளத்தில், எந்த வகை இசையோடும் கலந்து ஒலிபரப்பலாம் என்ற புதிய முறையைத் தொடங்கியிருந்தார். 1968-இல் அவரும் அவருடைய தோழர்களும் கேசான் என்ற நிலையத்துக்கு மாறினார்கள். அங்கே ஏப் ‘வோக்கோ’ கெஷ் என்ற அறிவிப்பாளர் கையில் இந்தத் தட்டு கிடைத்தது. அவர் அதிலிருந்து ‘ஓ ஹாப்பி டே’யை எடுத்து, ராக் பாடல்களுக்கு நடுவே, மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டார். தட்டு அவர் கைக்கு வந்த வழியைப் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். அங்கிருந்துதான் பரவியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

கேட்டவர்கள் கடைகளில் விசாரிக்கத் தொடங்கவும் நிறுவனங்கள் வந்தன. பவிலியன் என்ற இசைத்தட்டு முத்திரையில், புத்தா ரெகார்ட்ஸ் என்ற நியூயார்க் நிறுவனத்தின் விநியோகத்தில், பாடல் சிங்கிளாக, அதாவது தனிப்பாடல் தட்டாக, வெளிவந்தது. பதின்ம வயதினருக்கான ‘பபிள்கம்’ பாடல்களுக்குப் பெயர் பெற்ற நிறுவனம் அது. இயேசுவைப் பாடும் தட்டை விநியோகித்த நிறுவனத்தின் பெயரில் புத்தர் இருந்தார். குழுவின் பெயர் எட்வின் ஹாக்கின்ஸ் சிங்கர்ஸ் என்று மாறியது. கவனியுங்கள்: பெயர் மாறிற்று, முத்திரை மாறிற்று, பாடல் மாறவில்லை. சபையில் இரண்டு தடத்தில் பதிவான அதே ஒலிதான் 1969-இல் அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 4-ஆம் இடத்துக்கும், பிரிட்டனில் 2-ஆம் இடத்துக்கும் சென்றது. அந்த ஆண்டின் பாடல்களுக்கான கிராமி விருதும் காஸ்பல் பிரிவில் அதற்குக் கிடைத்தது. உலகெங்கும் 70 லட்சம் தட்டுகள் விற்றதாக ஒரு எண் எங்கும் காணப்படுகிறது. பல நாட்டு விற்பனையைச் சேர்த்துச் சொல்லும் இத்தகைய எண்களை நான் கணக்காக எடுத்துக்கொள்வதில்லை. பெருவிற்பனை என்று மட்டும் கொள்ளலாம்.

இனி, நான் ஓரளவு உறுதியுடன் பேசக்கூடிய பகுதிக்கு வருகிறேன்: இசை. பாடல் பியானோவோடு தொடங்குகிறது. காஸ்பல் பியானோவில் எதிர்பார்க்கும் கனத்த இரட்டைக்கை அடி அங்கே இல்லை. இடறி இடறி நடப்பது போன்ற, இலகுவான, சற்றே லத்தீன் அமெரிக்கச் சாயலுள்ள ஒரு நடை. பிரேசில் நாட்டுக் கலைஞர் செர்ஜியோ மெண்டிஸின் பாதிப்பு அது என்று ஹாக்கின்ஸே சொல்லியிருக்கிறார். பொதுமக்களை நோக்கி இந்தப் பாடலில் ஏதேனும் ஒரு சாளரம் திறந்திருக்கிறது என்றால் அது இந்தப் பியானோதான். வானொலியில் இதைக் கேட்டவருக்கு முதல் சில நொடிகளில் இது தேவாலயப் பாடல் என்று தெரிந்திருக்க வழியில்லை. பிறகு டாரத்தி மாரிசன் பாடத் தொடங்குகிறார். பெண்குரல் என்றால் மேல்ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அந்தக் குரல் வியப்பாக இருக்கும். அவ்வளவு தாழ்வாக, உரத்துச் சொல்ல அவசரமில்லாத ஒருவரைப் போலப் பாடுகிறார். அவர் ஒரு வரி சொல்ல, குழு அதையே திருப்பிச் சொல்கிறது. பஜனையில் முன்பாட்டும் பின்பாட்டும் போல என்று நம் காதுக்கு எளிதாகச் சொல்லலாம். ஆனால் இந்த முறை கருப்பின அமெரிக்கரின் வயல் பாடல்களிலிருந்தும் அடிமைக்கால வழிபாட்டிலிருந்தும் வந்தது, அதற்கென்று தனி வரலாறு உண்டு.

அந்த அடக்கம் நீண்ட நேரம் நீடிக்கிறது. பிறகு, ‘அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்’ என்ற இடத்தில் முழுக் குழுவும் ஒரே மூச்சில் எழுகிறது. எழுந்த பின் மறுபடி தணிகிறது. மறுபடி எழும்போது முன்னைவிடப் பெரிதாக எழுகிறது. நான் பயிற்றுவித்த எல்லாக் குழுக்களும் முதல் ஒத்திகையில் செய்த தவறு ஒன்றே: முடிவில் வரவேண்டிய ஆரவாரத்தை முதல் வரியிலேயே செலவழித்துவிடுவார்கள். இன்னொன்று, பாமாலைப் புத்தகத்தின் நான்கு குரல் பகுப்புக்குப் பழகிய நம் குழுக்கள் இதையும் நான்காகப் பிரிக்கப் பார்ப்பார்கள். காஸ்பல் குழுக்களில் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்), டெனர் (ஆண்களின் மேல்குரல்) என்று மூன்று குரல்களே வழக்கம். ஆண்கள் எல்லோரும் டெனரில் சேர்ந்து, மூன்று குரல்களும் நெருக்கமாக நகரும்போதுதான் அந்தச் சுவர் போன்ற ஒலி கிடைக்கும். ஆண்களின் கீழ்க்குரலான பேஸை நீக்கி, அவர்களை மேலே ஏற்றிய அன்று எங்கள் ஒத்திகை அறையில் எல்லோருமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

ஒலிப்பதிவின் எளிமையும் உதவியிருக்கிறது என்பது என் கருத்து, நிரூபிக்கக்கூடியதன்று. இரண்டே தடங்கள் என்பதால் ஒவ்வொரு குரலையும் பின்னர் தனித்தனியாகத் துடைத்துச் சரிசெய்ய வழியில்லை. குழுவின் ஒலி சபைக் கட்டடத்தின் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவது கேட்கிறது. கைதட்டுகள் இயந்திரத் துல்லியத்தில் இல்லை. கேட்பவருக்கு ஒரு அறைக்குள் வந்து நிற்பது போன்ற உணர்வு உண்டாகிறது. அன்றைய இளைஞர்கள் அந்த அறைக்குள் வர விரும்பினார்கள். அவர்கள் எல்லோரும் விசுவாசிகளாக வந்தார்களா என்றால், நிச்சயமாக இல்லை.

சபையின் எதிர்வினையையும் கேட்டிருந்தீர்கள். அது இனிமையாக இல்லை. வழிபாட்டுப் பாடல் நடன விடுதிகளில் ஒலிப்பதையும், இளைஞர்கள் அதைப் பாப் மேடைகளில் பாடுவதையும் ஹாக்கின்ஸின் சபையில் பலர் ஏற்கவில்லை. இரவு விடுதிகளில் பாட மாட்டேன் என்று வாழ்நாள் முழுவதும் உறுதியாக இருந்த காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சனே இப்படி எதிர்த்தவர்களுக்கு முன்மாதிரி. அந்த எதிர்ப்பைப் பழமைவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தங்கள் கண்ணீரில் பிறந்த இசையைப் பிறர் எடுத்துக் காசாக்கியதைப் பலமுறை பார்த்த மக்கள் அவர்கள். நான் அந்தச் சபை மரபில் வளராதவன் என்பதால், அவர்கள் மனவேதனையின் ஆழத்தை அளந்து சொல்லும் தகுதி எனக்கில்லை. ஹாக்கின்ஸ் பக்கத்து நியாயம் எளிமையானது: நற்செய்தி சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு உரியது. சாம் குக்கைப் போல அவர் காதல் பாடல்களுக்கு மாறிவிடவில்லை; 2018-இல் இறக்கும் வரை காஸ்பல் இசையிலேயே இருந்தார். அவர் தம்பி வால்டர் ஹாக்கின்ஸும், குழுவில் பாடிய டிரமெய்னும் பிற்காலத்தில் காஸ்பல் உலகில் பெரும்பெயர் பெற்றார்கள். பொதுப் பட்டியலில் மட்டும் அந்த அளவு வெற்றி குழுவின் பெயரில் மறுபடி வாய்க்கவில்லை. 1970-இல் மெலனி என்ற பாடகியின் ‘லே டவுன்’ பாடலுக்குத் துணைக்குரல் கொடுத்தபோது அது அமெரிக்காவில் 6-ஆம் இடம் வரை சென்றது.

பாடல் வெளியே போய் என்ன செய்தது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் தருகிறேன். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், தம் ‘மை ஸ்வீட் லார்ட்’ பாடலுக்குத் தூண்டுதல் ‘ஓ ஹாப்பி டே’ என்று சொன்னார். ‘அல்லேலூயா’ என்று தொடங்கும் பின்னணிக் குரல்கள் அதில் ‘ஹரே கிருஷ்ணா’ என்று மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பாடல் முதலில் வெளிவந்தது பில்லி பிரெஸ்டன் குரலில். அந்தப் பதிவில் பின்னணி பாடியவர்கள் எட்வின் ஹாக்கின்ஸ் குழுவினரேதான். பிறகு அதன் மெட்டு ‘ஹீஸ் ஸோ ஃபைன்’ என்ற 1963-ஆம் ஆண்டுப் பாடலை ஒத்திருப்பதாக வழக்கு வந்தது. அறியாமலேயே மனத்துக்குள் இருந்த மெட்டை ஹாரிசன் எடுத்தாண்டிருக்கிறார் என்று 1976-இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹாக்கின்ஸ் தரப்பிலிருந்து எந்த வழக்கும் வரவில்லை. அவர்கள் பாடலிலிருந்து ஹாரிசன் பெற்றது மெட்டைக் காட்டிலும் ஒரு துணிவு என்று தோன்றுகிறது: பாப் பாடலில் கடவுளை நேரடியாகப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்ற துணிவு.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பெயரை மறைத்ததால் இந்தப் பாடல் வென்றது என்பது தவறு. ஒலிப்பதிவே அதற்கு மறுப்பு. பெயரை வெளிப்படையாகச் சொன்னதால்தான் வென்றது என்று மறுபுறம் சிலர் பிரசங்கிப்பார்கள், அதையும் நான் ஏற்க மாட்டேன். அதே ஆண்டுகளில் அதே பெயரைச் சொன்ன எத்தனையோ நல்ல காஸ்பல் தட்டுகள் சபை வாசலைத் தாண்டவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் அப்படி ஒரு வானொலி அப்போது இல்லாதிருந்தால், இந்த 500 தட்டுகளும் பெர்க்லியின் அலமாரிகளில் தூசி படிந்திருக்கக்கூடும்.

கடைசியாக, உங்கள் குழுவில் இதைப் பாடிப் பதிவேற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். டாட்ரிட்ஜின் சரணங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பல்லவியும் பழைய மெட்டும் பொதுவுடைமை; அவற்றை நீங்கள் விரும்பியபடி பாடலாம், புதிதாக இசையமைக்கலாம். ஹாக்கின்ஸின் இசையமைப்பு அப்படியன்று. அந்தப் பியானோ நடை, வரிகளை முன்பாட்டும் பின்பாட்டுமாக அமைத்த முறை ஆகியவை அவர் பெயரில் பதிப்புரிமை கொண்டவை. அதைப் பதிவு செய்து வெளியிட உரிமம் வாங்க வேண்டும். உரிமத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் பழைய பல்லவியை எடுத்துக்கொண்டு, உங்கள் கீபோர்டில் உங்களுக்கு இயல்பாக வருகிற ஒரு நடையில் வாசித்துப் பாருங்கள். தாழ்ந்த குரலுள்ள ஒரு அக்காவை முன்னால் நிறுத்தி, மற்றவர்களை மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டு சுற்றுகளுக்கு யாரையும் குரலை உயர்த்த விடாதீர்கள்.